டார்பிஷர் எஸ்டேட் காட்டேஜில் குடும்பத்தோடு ஒரு வாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு

எஸ்டேட் என்றதும் நமக்குத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரு பிரபுக் குடும்பத்தின் மாளிகை, அதைச் சுற்றிய பூங்கா, பண்ணைகள், காடு, சில இடங்களில் முழு ஊர்கள், இவை அத்தனையும் சேர்ந்த பரம்பரை நிலம் அது. நம் ஊர் ஜமீனை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். தோட்டக்காரர்களும் வேட்டைக் காவலர்களும் பண்ணையாட்களும் குடியிருந்த கல்வீடுகளில் பல இன்று விடுமுறைக் காட்டேஜ்களாக வாடகைக்குக் கிடைக்கின்றன.

டார்பிஷரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சாட்ஸ்வொர்த் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1549இல் கேவண்டிஷ் குடும்பம் வாங்கிய நிலம். டெவன்ஷர் டியூக்குகளான அதே குடும்பம்தான் இன்றும் அங்கே வாழ்கிறது. பூங்காவுக்குள்ளும் சுற்றியுள்ள எஸ்டேட் ஊர்களிலும் காட்டேஜ்கள் இருக்கின்றன. காட்டின் உச்சியில் நிற்கும், முதலாம் எலிசபெத் காலத்து வேட்டைக் கோபுரத்தில்கூடத் தங்கலாம். கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பாலானவை நேஷனல் டிரஸ்ட், லேண்ட்மார்க் டிரஸ்ட் போன்ற அமைப்புகளின் பழைய வீடுகளுக்கும் பொருந்தும். லேண்ட்மார்க் வீடுகளில் தொலைக்காட்சி கிடையாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இது ஓட்டல் தங்கல் இல்லை. வரவேற்பு மேசை கிடையாது, தினமும் அறையைச் சுத்தம் செய்ய ஆள் வரமாட்டார். சில நாளுக்கு ஒரு பழைய வீட்டை நடத்தும் பொறுப்பு உங்களுடையது. அந்த வீட்டின் சூடு, தண்ணீர், அடுப்பு மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

புக் செய்வதற்கு முன்

வாடகை பெரும்பாலும் வாரக் கணக்கில். வெள்ளி முதல் வெள்ளி, அல்லது சனி முதல் சனி. பள்ளி நாட்களில் வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவு, திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவு என்றும் கிடைக்கும். ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரையுள்ள பள்ளி விடுமுறையிலும், அக்டோபர், பிப்ரவரி, மே மாதங்களின் அரைப்பருவ விடுமுறையிலும் வாடகை ஏறும். நல்ல வீடுகள் பல மாதம் முன்பே போய்விடும். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போகாத வயது என்றால் ஜூன் நடுப்பகுதிக்கு இணை இல்லை. இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், கூட்டமும் குறைவு.

"ஆறு பேர் தங்கலாம்" என்று போட்டிருந்தால் அந்த ஆறில் இரண்டு பேருக்குக் கூடத்து சோபாதான் கட்டிலா என்று கேளுங்கள். தாத்தா பாட்டி வருகிறார்களானால் தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் ஒரு குளியலறையும் இருப்பது அவசியம். இந்த வீடுகளின் மாடிப்படி செங்குத்தானது, சில வீடுகளில் சுழல்படி. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அனுமதி இல்லாமல் வீட்டுக்காரரே அதை மாற்ற முடியாது. தவழும் குழந்தை இருந்தால் படிக்கட்டுக் கதவு, உயர நாற்காலி, தொட்டில் மூன்றையும் புக் செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். தொட்டில் தந்தாலும் அதற்கான விரிப்பு பெரும்பாலும் தரமாட்டார்கள். மாளிகைக்கும் தோட்டத்துக்கும் காட்டேஜில் தங்குபவர்களுக்குச் சலுகை உண்டா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து போகட்டும் என்பது நமக்கு இயல்பு. ஆனால் ஆறு பேர் வீட்டில் பதினைந்து பேர் கூடினால் ஒப்பந்தம் மீறப்படும். காப்பீடும் தீ பாதுகாப்பு ஏற்பாடும் அந்த எண்ணிக்கைக்குத்தான். செப்டிக் டேங்கின் கொள்ளளவும் அப்படியே. விருந்தினர் வருவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பகலில் வந்து போக நான்கு பேருக்கு அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

போய்ச் சேருவது

லண்டனிலிருந்து எம்1 நெடுஞ்சாலையில் வந்து 29ஆம் சந்திப்பில் இறங்கி, செஸ்டர்ஃபீல்ட் வழியாகச் சாட்ஸ்வொர்த்தை ஒட்டிய பேஸ்லோ ஊருக்குப் போக வேண்டும். நெரிசல் இல்லாவிட்டால் மூன்றரை மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை மாலை என்றால் ஐந்து மணி நேரத்துக்குத் தயாராக இருங்கள். ரயிலில் வந்தால் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து செஸ்டர்ஃபீல்டுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கிருந்து டாக்சி பிடிக்கலாம். குடும்பத்தோடு ஒரு வாரம் என்றால் கார் இல்லாமல் சிரமம்தான்.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு 12 மாதம் வரை இங்கே கார் ஓட்டலாம். பிள்ளைக்கு 12 வயது ஆகும் வரை, அல்லது 135 செ.மீ. உயரம் வரும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை, குழந்தை இருக்கை கட்டாயம்.

வழிகாட்டிச் செயலியை மட்டும் நம்பாதீர்கள். நகரத்தில் ஒரு அஞ்சல் குறியீடு சில வீடுகளைக் குறிக்கும். கிராமப்புறத்தில் அதுவே பல பண்ணைகளைத் தாண்டிப் பரந்திருக்கும். செயலி "வந்துவிட்டீர்கள்" என்று சொல்லும் இடத்தில் ஆடுதான் நிற்கும். வீட்டுக்காரர் அனுப்பும் வழிக்குறிப்பைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும். உள்ளூரில் வழி கேட்க வேண்டியிருந்தால், ஆங்கிலத்தில் 'ஈடென்சார்' என்று படிக்கத் தோன்றும் எஸ்டேட் ஊரின் பெயரை அங்கே 'என்சர்' என்றுதான் சொல்வார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

ஒற்றைக் கார் மட்டும் போகும் சந்துகளில் எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடத்துக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவர் பின்னால் போவது வழக்கம். பூங்காச் சாலையில் ஆடும் மானும் தாராளமாகக் குறுக்கே வரும். தரையில் இரும்புக் கம்பிகள் பதித்த தடுப்பைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் மேய்ச்சல் நிலத்துக்குள் வந்துவிட்டீர்கள், வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சாவி பொதுவாக மாலை நான்கு மணிக்குத்தான் கிடைக்கும். டிசம்பர் நடுவில் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், தெருவிளக்கும் இருக்காது. குளிர்காலத்தில் போகிறவர்கள் காரின் கையெட்டும் இடத்தில் ஒரு டார்ச் வையுங்கள். பெட்டிக்குள் வைத்த டார்ச்சால் சாவித்துவாரத்தைத் தேட முடியாது.

முதல் அரை மணி நேரம்

பெட்டியைப் பிரிக்கும் முன் சமையலறையில் ஒரு கோப்பு இருக்கும், அதை எடுத்துப் படியுங்கள். வெந்நீர், கணப்பு, குப்பை, அவசர எண் எல்லாம் அதில் இருக்கும். மெயின் ஃபியூஸ் பெட்டியும் தண்ணீரை நிறுத்தும் வால்வும் எங்கே என்று பாருங்கள். வைஃபை எந்த அறையில் கிடைக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மீட்டருக்கும் மேல் தடித்த கல்சுவர் சிக்னலைத் தடுத்துவிடும். கைப்பேசி சன்னலோரத்தில் மட்டும் வேலை செய்வது இங்கே சகஜம். உயரமானவர்கள் நிலைக்கதவுகளில் தலை இடித்துக்கொள்வார்கள். அன்று மாலை ஒருமுறை எல்லா வாசலையும் குனிந்து நடந்து பழகிவிட்டால் நள்ளிரவில் அடி வாங்கமாட்டார்கள்.

ஏற்கனவே உடைந்தது, கறைபட்டது ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

சூடும் கணப்பும்

பழைய கல்வீடு மெதுவாகத்தான் சூடாகும். வந்ததும் குளிராக இருக்கிறது என்று தெர்மோஸ்டாட்டை 28க்குத் திருப்புவதால் வீடு வேகமாகச் சூடாகாது. நள்ளிரவில் வேர்த்துக்கொட்டும், அவ்வளவுதான். 19 அல்லது 20இல் வைத்து விட்டுவிடுங்கள். பகலில் வெளியே போகும்போது முழுக்க அணைக்காமல் 16க்கு இறக்கினால் போதும். முழுக்க அணைத்தால் சுவர் ஆறிவிடும், மறுபடி சூடேற இரவாகும்.

கூடத்தில் பெரும்பாலும் கண்ணாடிக் கதவு வைத்த விறகு அடுப்பு இருக்கும். முதலில் காற்றுத் துவாரங்கள் அனைத்தையும் முழுதாகத் திறங்கள். அடியில் இரண்டு சிறு விறகுக்கட்டைகள், அவற்றின் மேல் விரல் தடிமன் சுள்ளி ஆறேழு குறுக்கும் நெடுக்குமாக, உச்சியில் ஒரு தீமூட்டிக் கட்டி. மேலிருந்து பற்றவைத்தால் புகைபோக்கி முதலில் சூடாகிப் புகையை இழுத்துக்கொள்ளும், கூடத்துக்குள் புகை வராது. கதவை ஐந்து நிமிடம் ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். கட்டை நன்றாகப் பற்றியதும் கதவைச் சாத்தி, கீழ்த் துவாரத்தை மூடி, மேல் துவாரத்தை மட்டும் விடுங்கள். தரைச் சாம்பலை முழுக்க வழித்தெடுக்க வேண்டாம். இரண்டு சென்டிமீட்டர் சாம்பல் மெத்தை இருந்தால் விறகு நன்றாக எரியும்.

கண்ணாடி கறுத்துப்போனால் காரணம் இரண்டில் ஒன்று: விறகு ஈரம், அல்லது காற்றைச் சீக்கிரம் அடைத்துவிட்டீர்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இல்லாத விறகுதான் வேண்டும். கடையில் அதற்கான சான்று முத்திரையோடு வலைப்பையில் கிடைக்கும். காட்டில் பிள்ளைகள் பொறுக்கி வரும் கிளைகளைப் போடாதீர்கள். ஈரக்கட்டையின் புகை புகைபோக்கிக்குள் தாராகப் படியும், அது ஒரு நாள் தீப்பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் யோசிக்கவே வேண்டாம்: எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் தொலைபேசி.

சமையலறை

நம் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

எந்த வகை அடுப்பு என்று புக் செய்யும்போதே கேளுங்கள். இண்டக்ஷன் என்றால் அலுமினியக் குக்கர் வேலை செய்யாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். குழிந்த அடி உள்ள வாணலி எந்தத் தட்டை அடுப்புக்கும் உதவாது.

பல பழைய வீடுகளில் ஆகா என்ற வார்ப்பிரும்பு அடுப்பு இருக்கும். நோபல் பரிசு பெற்ற சுவீடன் விஞ்ஞானி குஸ்தாவ் தாலேன் 1922இல் வடிவமைத்தது. வழக்கமான ஆகாவை ஏற்றி அணைக்கும் குமிழ் கிடையாது, இரவு பகலாகச் சூடாகவே இருக்கும். மேலே மூடி போட்ட இரண்டு வட்டத் தட்டுகள்: ஒன்று கடும் சூடு, மற்றது மிதமான சூடு. கீழே அதேபோல ஒரு சுடும் பெட்டி, ஒரு மெல்லிய சூட்டுப் பெட்டி. சேமித்த சூட்டில் ஓடுவதால் மேல்மூடியைத் திறந்து வைத்தபடி ஒரு மணி நேரம் சமைத்தால் சூடு வடிந்துவிடும், மதியச் சமையல் பாதியில் நிற்கும். மூடியைத் திற, கொதிக்கவை, பெட்டிக்குள் தள்ளு, மூடு. இதுதான் ஆகாவின் முறை.

சோற்றுக்கு இது மிக நன்றாக ஒத்துவரும். ஒரு கப் பாஸ்மதிக்கு ஒன்றரைக் கப் தண்ணீர். கடும் சூட்டுத் தட்டில் கொதி வந்ததும் இறுக்கமாக மூடி, மெல்லிய சூட்டுப் பெட்டியில் 20 நிமிடம். பாத்திரத்தின் கைப்பிடி முழுக்க உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கைப்பிடிக் குக்கரைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. பருப்புக்குக் குக்கரைக் கடும் சூட்டுத் தட்டில் வைத்து, முதல் விசில் வந்ததும் மிதமான தட்டுக்கு மாற்றுங்கள். தோசைக்குத் தட்டையான சொந்தக் கல்லைக் கொண்டுபோவதே பத்திரம். கண்ணாடி அடுப்பின் மேல் அதை இழுக்காமல் தூக்கி வையுங்கள், ஒரே இழுப்பில் கீறல் விழும்.

மாவு அரைத்துக்கொண்டு போகிறவர்கள் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். கோடையில் காருக்குள் நான்கு மணி நேரம் இருந்தால் மாவு பொங்கிவிடும். குளிர்பெட்டியில் ஐஸ்கட்டியோடு கொண்டுபோங்கள். அங்கே சிக்கல் தலைகீழ்: குளிர்ந்த கல் சமையலறையில் இரவெல்லாம் வைத்தாலும் புளிக்காது. ஆகா இருந்தால் அதன் பக்கத்து மேடையில் வையுங்கள். இல்லாவிட்டால் வெந்நீர்த் தொட்டி இருக்கும் துணி அலமாரியில் வைத்தால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். அடியில் ஒரு பெரிய தட்டு கட்டாயம். அந்த அலமாரியில் இருப்பது வீட்டுக்காரரின் வெள்ளைத் துண்டுகள்.

தாளிப்பும் வற்றல் மிளகாய் வறுப்பதும் புகை அலாரத்தைக் கூவவைக்கும். ஒரு அறையில் அடித்தால் எல்லா அறையிலும் சேர்ந்தே அடிக்கும்படி இணைத்திருப்பார்கள். சன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள். அலாரத்தின் மேல் துணியையோ பையையோ சுற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். சாம்பார்ப்பொடி, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, பருப்புப்பொடி இவற்றை வீட்டிலேயே செய்துகொண்டு போனால் அங்கே வறுக்கும் வேலையே வராது.

மஞ்சள் இன்னொரு பகை. மரப்பலகையிலும் சுண்ணாம்புக்கல் மேடையிலும் பட்டால் போகாது. எலுமிச்சைச் சாறு பளிங்கை அரித்துவிடும். சொந்த வெட்டுப்பலகை ஒன்றும் மேடையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் எடுத்துப்போங்கள்.

கறிவேப்பிலை, பெருங்காயம், உளுந்து, நல்லெண்ணெய் இவையெல்லாம் பக்கத்தில் கிடைக்காது. மறந்தால் ஷெஃபீல்டு வரை போக வேண்டும். காய்கறி, பால், ரொட்டிக்குப் பில்ஸ்லி ஊரின் எஸ்டேட் பண்ணைக்கடை அருமையான இடம், 1977இலிருந்து நடக்கிறது. அன்றாடச் சாமானுக்குப் பேக்வெல் போகலாம். திங்கட்கிழமை அங்கே சந்தை. பார்க்க வேண்டியதுதான், ஆனால் காரை நிறுத்த இடம் கிடைக்கக் காலையிலேயே போங்கள். அந்த ஊர்ப் பெயர்பெற்ற பேக்வெல் புட்டிங்கில் முட்டை உண்டு, சைவர்கள் கவனிக்கவும்.

தண்ணீர்

நகர வீடுபோல வெந்நீர் நில்லாமல் வராது. ஒரு தொட்டி நிறைய இருக்கும், தீர்ந்தால் மறுபடி சூடாக ஒரு மணி நேரமாவது வேண்டும். குளியல்தொட்டியை ஒருமுறை நிரப்பினாலே பெரும்பங்கு போய்விடும். பிள்ளைகளை மாலையிலும் பெரியவர்களைக் காலையிலும் குளிக்கவைத்தால் சண்டை வராது. பல வீடுகளில் வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய் எனத் தனித்தனியாக இருக்கும். சிறுவர்கள் கையைச் சுட்டுக்கொள்வார்கள், முதல் நாளே காட்டிக்கொடுங்கள்.

கழிவறையில் கைத்தெளிப்பான் இருக்காது. சிறிய மக்கு ஒன்றைக் கொண்டுபோங்கள், ஆனால் தரையில் தண்ணீர் சிந்தக் கூடாது. நம் வீடுகளைப் போல அங்கே தரையில் வடிகால் இல்லை, தரை பெரும்பாலும் மரம். மாடியில் சிந்திய தண்ணீர் கீழறைக் கூரையின் பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஊறிக் கறையாகும். மோசமானால் பூச்சே விழும்.

ஊருக்கு ஒதுங்கிய வீடுகளில் கழிவு செப்டிக் டேங்குக்குத்தான் போகும். ஈரத்துடைப்பான், டயப்பர், பொரித்த எண்ணெய், மீந்த சோறு எதுவும் உள்ளே போகக் கூடாது. எண்ணெயை ஆறவிட்டுப் பாட்டிலில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். சாதம் வடித்த கஞ்சியைக்கூடத் தொட்டியில் கொட்டாமல் இருப்பது நல்லது.

வெளியே

மாளிகைக்கு இரண்டு மணி நேரமும் 105 ஏக்கர் தோட்டத்துக்கு அரை நாளும் ஒதுக்குங்கள். ஒரே நாளில் இரண்டையும் வைத்தால் சிறு பிள்ளைகள் தளர்ந்துவிடுவார்கள்; முதல் நாள் தோட்டம், மறுநாள் மாளிகை என்று பிரிப்பது நல்லது. குளிர்காலத்தில் மாளிகை சில வாரங்கள் மூடியிருக்கும், தேதியைச் சரிபாருங்கள்.

தோட்டத்தில் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து நடந்தால் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். 1826இல் தலைமைத் தோட்டக்காரராக வந்த ஜோசப் பாக்ஸ்டன் அமைத்தவைதான் பாறைத் தோட்டமும் பெரிய நீரூற்றும். 1844இல் கட்டிய அந்த நீரூற்றுக்குப் பம்பு கிடையாது. மேலே குன்றில் வெட்டிய ஏரியிலிருந்து தண்ணீர் இறங்கும் விசையிலேயே பீறிடுகிறது. பாக்ஸ்டன் இங்கே கண்ணாடி வீட்டில் வளர்த்த ஒரு வாழைக்கு, முதலாளியின் குடும்பப் பெயரால் கேவண்டிஷ் என்று பெயர் வந்தது. நம் ஊர்ச் சந்தையில் மோரிஸ், பச்சைப்பழம் என்று வாங்குகிறோமே, அது அந்த இனம்தான். அவருடைய பெரிய கண்ணாடி வீடு 1920இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செடிகளால் ஆன சுற்றுவழிப் புதிர் இருக்கிறது.

மாளிகைக்குப் பின்னால் உள்ள ஸ்டாண்ட் காட்டில் வேட்டைக் கோபுரம் வரை ஏறலாம். படிவழி செங்குத்து, தள்ளுவண்டி இருந்தால் சுற்றிப் போகும் தார்ச்சாலையைப் பிடியுங்கள். சுற்றுவட்டார நடைகளுக்கு பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் (ஓஎஸ்) 1:25,000 அளவிலான வரைபடம், ஓஎல்24 என்ற எண்ணுள்ளது, ஒன்று வாங்கிவிடுங்கள். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கான பாதை; நீல அம்புப் பாதையில் குதிரையும் சைக்கிளும் வரும். படலைத் திறந்திருந்தபடியோ மூடியிருந்தபடியோ அப்படியே விட்டுச்செல்ல வேண்டும். வசந்தகாலத்தில் தனியே கிடக்கும் ஆட்டுக்குட்டியைப் பிள்ளைகள் தூக்க ஓடுவார்கள், தடுங்கள். தாய் அருகில்தான் இருக்கும்.

மான்களிடமிருந்து 50 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அக்டோபரில் இணைசேரும் பருவத்துக் கிடாக்களும், ஜூனில் குட்டி ஈன்ற தாய்களும் பாய்ந்து வரக்கூடும். மான் இருக்கும் இடத்தில் உண்ணியும் இருக்கும். புல்வெளியில் நடந்த நாள் மாலை முழங்கால் பின்புறம், அக்குள், தலைமயிர் ஓரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் கூடாது. அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தில் சிவந்த வட்டம் பரவினால் மருத்துவரைப் பாருங்கள், அது உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயாக இருக்கலாம்.

கிளம்பும் நாள்

காலை பத்து மணிக்குள் வீட்டை விட வேண்டும். அடுத்த குடும்பம் நான்கு மணிக்கு வந்துவிடும், சுத்தம் செய்பவர்களுக்கு நடுவே ஆறு மணி நேரம்தான். முதல் நாள் இரவே மசாலாச் சாமான்களைக் கட்டிவிடுங்கள். சன்னலைத் திறந்துவைத்தால் தாளித்த வாசம் போய்விடும். விறகு அடுப்பைக் கடைசி இரவு ஏற்றாதீர்கள். சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும்; குப்பைத் தொட்டியில் கொட்டினால் தொட்டி எரியும். மூடி உள்ள இரும்பு வாளியில்தான் போட வேண்டும், அதையும் வீட்டுக்கு வெளியே கல்தரையில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி, துணி அலமாரி, கட்டிலுக்கு அடி மூன்றையும் ஒருமுறை பாருங்கள். மாவுத்தூக்கு பெரும்பாலும் துணி அலமாரியில்தான் மறந்துபோகும்.